தெளிந்த வாழ்வு

நுழையும்முன்

மது அருந்தாதிருப்பது தெளிவின் முதற்படி. உழைத்துப் பெற்ற கூலியை வீட்டில் கொண்டு சேர்ப்பதும், சொல்லை அளந்து பேசுவதும், பதவி தரும் மயக்கத்திற்கும் கூட்டம் தரும் மயக்கத்திற்கும் ஆட்படாமல் நிற்பதும் அதன் அடுத்தடுத்த படிகள். வேலூர்ச் சிறையில் மூன்று மாதங்களைக் கழித்த ஒருவர், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே மாவட்டத்தின் கள்ளுக்கடைகளை மூடச் செய்தார். அவருடைய நீண்ட வாழ்வில் தெளிவு என்னும் பண்பு எத்தனை வடிவங்களில் வெளிப்பட்டது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாலாற்றங்கரை ஊர்கள்

பாலாறு பாயும் பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. உப்பிட்டு வந்த பச்சைத் தோல் முதலில் நீரில் ஊறும். பின்பு சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்து மயிர் நெகிழும். ஒட்டியிருக்கும் சதை வளைந்த கத்தியால் வழித்தெடுக்கப்படும். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் நாள் கணக்கில் ஊறிப் பதமாகும். இவ்வாறு பதனிடப்பட்ட தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக அயல்நாடுகளுக்குச் சென்றன. அயல்நாட்டார் காலணியாகவும் கைப்பையாகவும் அணிந்த தோலின் பின்னே, சுண்ணாம்பு அரித்த கைகளும் கால்களும் இருந்தன.

அத்தகைய கடும் உழைப்பின் முடிவில் உடல் ஓய்வை நாடும். மூக்கில் நிலைத்துவிட்ட நாற்றத்தையும் மூட்டுகளில் தங்கிய வலியையும் சிறிது நேரம் மறக்க மனம் விழையும். அவ்விழைவுக்கு விடையாக அந்நாளில் எளிதில் கிடைத்தவை கள்ளும் சாராயமுமே. தோல் தொழிலாளர் மட்டுமல்லர். உழவர், நெசவாளர், கல்லுடைப்போர் எனக் கைத்தொழிலால் வாழ்ந்த பலருடைய நிலையும் இதுவே. கூலி கைக்கு வரும் நாளில் அதன் முதற்பங்கு கடைக்குச் சென்றது. மிச்சமே வீட்டை அடைந்தது. அடுப்பருகே காத்திருந்த பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மிச்சமே உணவு, உடை, கல்வி எல்லாம். கடைகளை ஏலம் விட்டு வருவாய் ஈட்டிய ஆங்கில அரசுக்கு இது கணக்கேட்டின் ஒரு வரி. குடும்பத்திற்கோ வாழ்வா தாழ்வா என்னும் வினா.

இவ்வினாவைத் தம் வாழ்நாள் வினாவாக ஏற்றுக்கொண்டவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். இராஜாஜி என்னும் பெயரால் நாடு அவரை அறியும்.

வழக்கறிஞர் துறந்த வருவாய்

அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். தந்தையார் அவ்வூரின் முன்சீப்பு. ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்ற இராஜாஜி, சென்னையில் சட்டக் கல்வியை முடித்து, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அத்தொழிலில் பெரும் பொருளும் புகழும் ஈட்டினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார்.

1919ஆம் ஆண்டு காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது இராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். அன்று தொடங்கிய நட்பு இராஜாஜியின் போக்கையே மாற்றியது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது அவர் நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். பெருகி வந்த வருவாயை ஒரே முடிவில் துறந்தார். கதராடை அவருடைய நிலையான உடையாயிற்று. தமக்கு எவ்வளவு போதும் என்பதை ஒருவர் தாமே கணக்கிட்டு அறிவதும் தெளிவின் ஒரு வகையாகும். அக்கணக்கை இராஜாஜி நாற்பது வயதைக் கடந்த பருவத்தில், தாயை இழந்த பிள்ளைகளைத் தனியே வளர்த்து வந்த நிலையில் செய்தார் என்பது கருதத்தக்கது.

சிறையில் எழுதிய நாட்குறிப்பு

1921 டிசம்பரில் ஆங்கில அரசு அவரைக் கைது செய்து, மூன்று மாதத் தண்டனை விதித்து வேலூர் மத்திய சிறைக்கு அனுப்பியது. ஆஸ்துமா நோயால் துன்புற்றிருந்த அவருக்குச் சிறைவாழ்வு எளிதன்று. எனினும் அவர் அந்நாட்களைப் புலம்பலில் கழிக்கவில்லை. தம் உடல்நிலை, சிறையின் நடைமுறை, உடனிருந்தோர் இயல்பு ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வந்தார். அந்நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது.

அதில் ஒரு பகுதி இன்றும் படிப்போரை வியப்பில் ஆழ்த்துகிறது. நாடெங்கும் விடுதலை வேட்கை பொங்கியெழுந்த காலம் அது. சில மாதங்களிலேயே தன்னாட்சி கிட்டிவிடும் என்று பலர் நம்பினர். சிறைக்குள் இருந்த இராஜாஜியோ, விடுதலை வந்த மறுநாளே எல்லாம் நலமாகிவிடாது என்று 1922 ஜனவரியில் எழுதினார். தேர்தலும் அதனோடு வரும் முறைகேடுகளும், செல்வத்தின் கொடுங்கோன்மையும், ஆட்சித் திறமையின்மையும் மக்களை வருத்தும் என்று முன்னுணர்ந்தார். நல்லொழுக்கத்தை வளர்க்கும் கல்வி எல்லார்க்கும் கிடைப்பதே அதற்கு மாற்று என்றும் குறித்தார்.

விடுதலைக்காகச் சிறை புகுந்த ஒருவர், விடுதலையைப் பற்றியும் மயக்கமின்றிச் சிந்தித்திருக்கிறார். தாம் பெரிதும் விரும்பும் ஒன்றையும் அதன் குறைகளோடு சேர்த்துக் காண்பது அரிய தெளிவு. அத்தெளிவினால் அவர் போராட்டத்தைக் கைவிடவில்லை. விடுதலையைத் தாங்கும் வலிமையுள்ள மக்களை உருவாக்கும் பணியே முதன்மையானது என்னும் முடிவுக்கு வந்தார்.

ஆசிரமமும் இதழும்

அம்முடிவின் செயல்வடிவமே 1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அவர் நிறுவிய காந்தி ஆசிரமம். வறட்சியால் வாடிய அப்பகுதியில் கைராட்டையும் கதர் நெசவும் மக்களுக்குக் கூலி தந்தன. ஆசிரமத்தில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக உழைத்தனர், ஒன்றாக உண்டனர். ஆனால், நூல் நூற்றுப் பெண்கள் ஈட்டிய காசும், ஆடவர் ஈட்டிய கூலியும் கடை வழியே கரைந்தால் ஆசிரமப் பணி பயனற்றுப்போகும் என்பதை இராஜாஜி கண்டார். எனவே மதுவிலக்குப் பிரசாரம் ஆசிரமத்தின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று.

அதற்கெனவே 1929ஆம் ஆண்டு ‘விமோசனம்’ என்னும் இதழ் தொடங்கப்பட்டது. பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி அதில் இராஜாஜிக்குத் துணைநின்றார். குடியின் கேட்டைக் கதையாகவும் கட்டுரையாகவும் படமாகவும் எடுத்துரைத்த இதழ் அது. குடியால் சீரழியும் ஓர் உழவர் குடும்பத்தை மையமாகக் கொண்டு இராஜாஜி எழுதிய ‘திக்கற்ற பார்வதி’ பின்னர்த் திரைப்படமாகவும் வெளிவந்தது. அவருடைய கதைகளில் குடிப்பவன் கொடியவனாகக் காட்டப்படுவதில்லை. கடனும் சோர்வும் தீய நட்பும் சேர்ந்து ஒரு நல்லவனை எவ்வாறு படிப்படியாகக் கீழே இழுக்கின்றன என்பதையே அவர் காட்டினார். குடிப்பவரை வெறுத்தால் அவர் நம் சொல்லைக் கேட்கமாட்டார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தெரிந்து தெளிவோம்

பனையிலிருந்து வடியும் சாறு இயல்பில் இனியது. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அச்சாறு புளிக்காமல் பதநீராக இருக்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்றே, ஏறுபவர் ஒருவரே, சாறும் ஒன்றே. கலயத்தில் தடவும் சுண்ணாம்பே வேறுபாட்டை உண்டாக்குகிறது. கொங்கு வட்டாரத்தில் பதநீரைத் ‘தெளுவு’ என வழங்குவர்.

சட்டமாகிய மதுவிலக்கு

1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். மாகாண முதலமைச்சரை அந்நாளில் அவ்வாறே அழைத்தனர். மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் அடங்கிய பெரும்பரப்பு அது.

இம்முயற்சியைப் பலர் ஐயத்துடன் நோக்கினர். அமெரிக்க ஐக்கிய நாடு 1920 முதல் நாடு முழுவதும் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தி, 1933இல் அதைக் கைவிட்டிருந்தது. செல்வமும் காவல் வலிமையும் மிக்க நாட்டிலேயே தோற்ற திட்டம் இங்கே எவ்வாறு வெல்லும் என்று அவர்கள் வினவினர். இராஜாஜியின் விடை வேறு கோணத்தில் அமைந்தது. மேலைநாடுகளில் மது விருந்தின் ஒரு பகுதி. இந்தியாவிலோ பெரும்பாலோர் மதுவைத் தொடாதவர்கள். இந்துக்களும் இசுலாமியரும் தத்தம் சமய நெறிப்படி அதனைப் பழித்தே வந்துள்ளனர். ஆகவே, மக்களின் மனச்சான்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றையே சட்டம் இங்கே வலியுறுத்துகிறது என்பது அவர் வாதம்.

இரு சிக்கல்கள் உடனே எழுந்தன. ஒன்று, கள்ளிறக்கி வாழ்ந்த பனையேறிகளின் பிழைப்பு. கள்ளுக்குப் பதிலாகப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்ச அவர்களுக்கு வழி செய்யப்பட்டது. எனினும் எல்லாருக்கும் முன்னைய வருவாய் கிட்டவில்லை. ஒரு நன்மையின் சுமை சிலருடைய தோளில் மட்டும் மிகுதியாக இறங்கியது என்பதை மறைக்க இயலாது. மற்றொன்று, அரசின் வருவாய். மதுத் தீர்வை மாகாண வருவாயின் பெருந்தூண்களுள் ஒன்று. அதனை இழந்தால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்வி எழுந்தது. இராஜாஜி 1939ஆம் ஆண்டு பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தார். இந்தியாவில் இவ்வகை வரிக்கு அதுவே முன்னோடி. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஏழையின் மயக்கத்திலிருந்து எடுக்கும் பணத்தைவிட, வாங்குவோரும் விற்போரும் தெளிந்த நிலையில் பகிர்ந்து செலுத்தும் வரியே நேர்மையானது என்பதில் அவர் உறுதியாக நின்றார். அரசின் கணக்கேட்டிற்கும் தெளிவு வேண்டும் என்பதே அவர் கொள்கை.

1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு மதுவிலக்கு விரிந்தது. 1939 அக்டோபரில் வடஆர்க்காடு மாவட்டத்திலும் நடைமுறைக்கு வந்தது. வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கடைகள் மூடப்பட்டன. தம்மைச் சிறையில் வைத்திருந்த அரசு முறையின் வழியாகவே, சிறையிருந்த மாவட்டத்திற்கு அவர் செய்த பணி இது. தோல் பதனிடும் கூடத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் இருந்த தடை நீங்கியது. கூலி முழுமையாக வீடு சேர வாய்ப்பு உண்டாயிற்று. மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த இடங்களிலெல்லாம் அதனை மிகுதியும் வரவேற்றவர்கள் பெண்களே.

ஆனால், அதே அக்டோபர் மாத இறுதியில் அமைச்சரவை பதவி விலகியது. மக்களைக் கேளாமல் இந்தியாவை இரண்டாம் உலகப்போரில் ஈடுபடுத்திய ஆங்கில அரசின் செயலைக் கண்டித்துக் காங்கிரசு ஆட்சிகள் அனைத்தும் விலகிய நேரம் அது. போர்க்காலத்தில் மதுவிலக்கும் கைவிடப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் 1948 அக்டோபர் 2ஆம் நாள் அது மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

கடைகள் மூடிய இடங்களில் கள்ளச்சாராயம் தலைகாட்டியதும் உண்மை. சட்டம் கடையின் கதவை அடைக்கும். மனத்தின் கதவை உள்ளிருப்பவரே அடைக்க வேண்டும். இதனை இராஜாஜி உணர்ந்திருந்தார். ஆசிரமத்தையும் இதழையும் கதையையும் முதலில் அமைத்துவிட்டுச் சட்டத்தைப் பின்னர் கொணர்ந்த வரிசைமுறையே அதற்குச் சான்று.

மதுவன்றியும் மயக்கம்

மதுவால் மட்டும் மயக்கம் வருவதில்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததோடு, மகிழ்ச்சி மிகுதியால் கடமையை மறத்தலைக் கடியும் பொச்சாவாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பதவி, புகழ், சினம், கூட்டத்தின் ஆரவாரம் ஆகியனவும் அறிவை மறைக்கும். இராஜாஜியின் பிற்கால வாழ்வு இவற்றோடு நிகழ்த்திய போராட்டமாகவே அமைந்தது.

1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்திற்கு நாடே திரண்டபோது, அவ்வழி அப்போது பொருந்தாது என்று அவர் கருதினார். முசுலிம் லீக்குடன் உடன்பாடு காண வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அதனால் காங்கிரசை விட்டு விலக நேர்ந்தது. கூட்டங்களில் அவமதிப்புக்கும் ஆளானார். அவர் கருத்துச் சரியா தவறா என்பதில் வரலாற்றறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். எனினும், பெருங்கூட்டம் ஒரு திசையில் செல்லும்போது தம் அறிவுக்குப் பட்டதைக் கைதட்டலை எதிர்பாராமல் கூறும் துணிவு அவரிடம் இருந்தது.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1948இல் தலைமை ஆளுநர் பதவியை ஏற்றார். அப்பதவியை வகித்த ஒரே இந்தியரும் இறுதியானவரும் அவரே. பேரரசின் ஆளுநர்கள் வாழ்ந்த மாளிகையில் இருந்தபோதும் அவருடைய உடை கதராகவே இருந்தது. நாட்டின் உச்சப் பதவியை வகித்தபின் மைய அமைச்சராகவும், 1952இல் சென்னை மாநில முதலமைச்சராகவும் பணியாற்றத் தயங்கவில்லை. பதவியின் உயர்வு தாழ்வை அவர் கணக்கிடவில்லை.

அவருடைய முடிவுகள் எல்லாமே மக்களால் ஏற்கப்பட்டன என்று கூற இயலாது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தன. 1954இல் அவர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். இந்தியைப் பற்றிய தம் நிலைப்பாட்டைப் பிற்காலத்தில் மாற்றிக்கொண்டு, அதன் திணிப்பை எதிர்த்தார். முன்பு கொண்ட கருத்தைப் பிடிவாதத்தால் காவாமல், மறுபடி எண்ணிப் பார்த்து மாற்றிக்கொள்வதும் தெளிந்த மனத்தின் இயல்பே.

எழுத்திலும் அவர் மிகையை விலக்கினார். பாரதத்தையும் இராமாயணத்தையும் சிறுவரும் படிக்கத்தக்க சிறு சிறு தொடர்களில் எழுதினார். இராமாயணக் கதையைக் கூறும் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. வேதியியலை எளிய தமிழில் விளக்கத் ‘திண்ணை இரசாயனம்’ என்னும் நூலையும் படைத்தார். அடைமொழிகளை அடுக்கும் நடை பரவலாக இருந்த காலத்தில், தேவைக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்னும் கட்டுப்பாட்டோடு எழுதியவர் அவர்.

வெள்ளை மாளிகையில் ஒரு முதியவர்

1962ஆம் ஆண்டு செப்டம்பரில் இராஜாஜி அமெரிக்கா சென்றார். அப்போது அவருக்கு வயது 83. அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் போட்டியிட்டு அணுகுண்டுச் சோதனைகளை நடத்திவந்த காலம் அது. காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் சென்ற அவர், குடியரசுத் தலைவர் கென்னடியை வெள்ளை மாளிகையில் சந்தித்து, அச்சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். தொரப்பள்ளியில் பிறந்து, ஏழையின் கூலியைக் காக்கப் பாடுபட்ட அதே மனம், வல்லரசுகளைப் பற்றிய ஆற்றல் மயக்கத்தையும் தெளிவிக்க முயன்றது. மறு ஆண்டு அவ்விரு நாடுகளும் பிரிட்டனும் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது ஒருவரால் மட்டும் விளைந்ததன்று. உலகெங்கும் எழுந்த பல குரல்களின் பயன். அக்குரல்களுள் ஒன்று தமிழகத்தினுடையது.

இறுதிவரை ஒரே வேண்டுகோள்

1971ஆம் ஆண்டு தமிழகத்தில் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முடிவு செய்தது. நிதி நெருக்கடி அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அப்போது தொண்ணூற்றிரண்டு வயதை எட்டியிருந்த இராஜாஜி, தம்மைவிட ஏறத்தாழ நாற்பத்தைந்து வயது இளையவரான முதலமைச்சர் மு. கருணாநிதியை நேரில் சென்று கண்டு, அம்முடிவைக் கைவிடுமாறு வேண்டிக்கொண்டார். ஒருகாலத்தில் தலைமை ஆளுநராக இருந்தவர், தமக்கென எதையும் கேளாமல் ஏழைக் குடும்பங்களுக்காகக் கேட்ட வேண்டுகோள் அது. அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. அவர் சினந்து பழிகூறவுமில்லை. தம் கருத்தைக் கைவிடவுமில்லை.

1972 டிசம்பர் 25ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் மறைந்தார். 1974இல் தமிழக அரசு மீண்டும் மதுவிலக்கைக் கொண்டு வந்தபோது அதனைக் காண அவர் இல்லை. அதன்பின்னும் இவ்வினா தமிழகத்தில் பலமுறை எழுந்துள்ளது, இன்றும் முடியவில்லை.

இன்று பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டைத் தொட்டிகள் குறைந்து, பெரிய காலணித் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. ஆம்பூரில் அதிகாலையில் பணிக்குச் செல்லும் பேருந்துகளில் பெண்கள் நிறைந்திருக்கின்றனர். கூலி ஈட்டுபவர் மாறியிருக்கலாம். அக்கூலி பிள்ளையின் புத்தகமாகவும் தட்டில் விழும் சோறாகவும் மாறவேண்டும் என்னும் விருப்பம் மாறவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாலையிலும் அவ்விருப்பம் நிறைவேறுவதற்குத் தெளிந்த மனிதர்கள் தேவை. இராஜாஜி தம் வாழ்நாள் முழுதும் வேண்டியது அத்தகைய மனிதர்களையே.

கற்பவை கற்றபின்

1. கள், பதநீர், கருப்பட்டி ஆகியவை உருவாகும் முறையை உங்கள் பகுதியிலுள்ள பனைத்தொழிலாளரிடம் கேட்டறிந்து எழுதுக.

2. ஒரு குடும்பத்தின் ஒரு மாத வரவு செலவைப் பட்டியலிட்டு, தேவை எது, மயக்கம் எது என வகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. கைப்பேசி, விளம்பரம், கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவை தரும் மயக்கங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதிலிருந்து தெளியும் வழியை ஒரு பக்க அளவில் எழுதுக.